எழுந்து நின்ற கிணற்று வீடு

கேளம்பாக்கத்தில் எல்லோரும் படியேறி வீட்டுக்குள் போவார்கள். பூங்கொடி மட்டும் படியிறங்கிப் போவாள்.

அவளுடைய தாத்தா அந்த வீட்டைக் கட்டியபோது அது தெருவைவிட உயரமாகத்தான் இருந்தது. வீடு அன்றிலிருந்து ஒரு அங்குலம்கூட நகரவில்லை. தெருதான் வளர்ந்தது. முதலில் தார் ரோடு போட்டார்கள். அதன்மேல் இன்னொரு தார் ரோடு போட்டார்கள். பிறகு அதன்மேல் சிமென்ட் ரோடு போட்டார்கள். பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தெரு மேலே மேலே ஏற, வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது.

இப்போது தெருவிலிருந்து பார்த்தால் ஜன்னலில் பாதிதான் தெரியும். உள்ளேயிருந்து பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். செருப்பைப் பார்த்தே யார் போகிறார்கள் என்று பூங்கொடி சொல்லிவிடுவாள்.

மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் முழுவதும் அங்கேதான் வந்து நிற்கும். சுவரெல்லாம் ஓதம் ஏறி, பூச்சு உதிர்ந்து, செங்கல் பல்லைக் காட்டியது. கதவு ஊறிப்போய் பாதிதான் திறக்கும். ஒருக்களித்துத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

அந்த வீட்டுக்குக் 'கெணத்து வூடு' என்று பெயர் வைத்தவன் பக்கத்து வீட்டு விஷால். அவனும் பூங்கொடியும் ஒரே ஆறாம் வகுப்பு.

"ஏ பூங்கொடி! உங்க கெணத்துல இன்னிக்குத் தண்ணி எவ்ளோ இருக்கு?" என்று தன் வீட்டு வாசலில் நின்று கத்துவான்.

"உன் வாயி நீளத்துக்கு இல்ல, போடா!" என்று இவள் கீழேயிருந்து கத்துவாள்.

ஒரு நாள் அடுக்குமாடி கட்டும் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். படியிறங்கும்போதே வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். நெற்றியைத் தேய்த்தபடி சுற்றிலும் பார்த்தார்.

"இந்த வீட்டுல இனிமே எலிதான் குடியிருக்கும். மனையை எங்ககிட்ட குடுத்துடுங்க. வர்ற விலைக்குத் தள்ளிட்டு நிம்மதியா வேற எங்கயாச்சும் போங்க" என்றார்.

பூங்கொடியின் அப்பா தனகோடி, கல்பாக்கத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுபவர். அவர் ஓதம் ஏறிய சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கன்னியம்மா வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

பூங்கொடிதான் பேசினாள். "நாங்க எலி இல்ல சார். இது எங்க தாத்தா கட்ன வூடு. போவும்போது தலையப் பாத்துகினு போங்க."

"சும்மா இரு" என்று அம்மா அதட்டினாள். ஆனால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் அதட்டினாள்.

வந்தவர் போகும்போது மறுபடியும் இடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பா சொன்னார். "விக்கறதில்ல. வூட்டைத் தூக்கப் போறோம்."

"தூக்கறதா? எங்க தூக்கிகினு போறது?" என்று கேட்டாள் பூங்கொடி.

"எங்கயும் இல்ல. இதே எடத்துல. மேல."

அடுத்த வாரம் செங்கல்பட்டிலிருந்து குமார் மேஸ்திரி ஒரு லாரி நிறைய ஜாக்கிகளுடன் வந்து இறங்கினார். லாரிக்கு டயர் மாற்றும்போது அடியில் வைத்துத் திருகுவார்களே, அதே ஜாக்கிகள்தான். அவருடைய ஆட்கள் சுவரின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகச் செங்கல்லை எடுத்து, இரும்புச் சட்டத்தைச் செருகி, அதற்குக் கீழே வரிசையாக ஜாக்கிகளை நிறுத்தினார்கள். வீட்டுச் சாமான்கள் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குப் போயின. குடும்பமும் அங்கேயே போனது.

"விசில் அடிச்சா எல்லாரும் ஒரே சுத்து. எவனாச்சும் அவசரப்பட்டு அரை சுத்து கூடப் போட்டான்னா செவுரு விரிஞ்சிடும். வூடு தூக்கறப்ப வீரம் காட்டக் கூடாது பாப்பா" என்றார் குமார் மேஸ்திரி. "நீ அந்தக் கயித்தைத் தாண்டி இந்தாண்ட வரவே கூடாது."

பூங்கொடி கயிற்றுக்கு வெளியே நின்றாள். விசில் ஒலித்தது. ஆட்கள் எல்லோரும் கம்பியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார்கள். 'கிர்ர்' என்று ஒரு சத்தம். வீடு அசைந்ததாகவே தெரியவில்லை.

"இன்னாண்ணே, ஏறவே இல்லியே?"

"ஏறிடுச்சு. உன் நகத்தளவு."

இப்படி நகம் நகமாகத்தான் ஒரு வீடு மேலே போகும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

விஷால் தன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான். "தூக்கித் தூக்கிப் பாருங்க! எங்க வீட்டு அளவுக்கு வராது!"

"இன்னும் ரெண்டு வாரம் பொறுடா. அப்புறம் நீ அண்ணாந்து பாத்துதான் எங்கிட்டப் பேசணும்!"

அப்பாவும் அதையே நினைத்திருந்தார். "மேஸ்திரி, அந்த வூட்டை விட ஒரு அடியாச்சும் ஒசரமா வெச்சிடு" என்றார்.

அதற்குக் காரணம் இருந்தது. விஷாலின் அப்பா ரவிச்சந்திரன் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கணினி அலுவலகத்தில் வேலை செய்கிறவர். சில வருஷங்களுக்கு முன்பு இந்தத் தெருவில் இடம் வாங்கி, மனை முழுவதும் மண் கொட்டி உயர்த்தித்தான் வீடு கட்டினார். அதற்கு முன்பு பூங்கொடியின் வீட்டில் கணுக்கால் அளவு வந்த தண்ணீர், அதற்குப் பிறகு முழங்கால் அளவு வந்தது.

"அவரு கொட்டும்போது நம்மள ஒரு வார்த்தை கேட்டாரா? இப்ப நம்ம மொற" என்றார் அப்பா. லாரி லாரியாகக் கிராவல் மண் வந்தது. வீட்டைச் சுற்றியிருந்த பள்ளம் நிரம்பித் தெருவைவிட மேடாகியது.

வீடு பாதி உயரம் ஏறியிருந்தபோது புரட்டாசி மழை ஒன்று திடீரென்று வந்தது. பள்ளிக்கூடம் விட்ட நேரம். ஒரு மணி நேரம் விடாமல் கொட்டியது.

பூங்கொடி கொட்டகை ஓரத்தில் நின்று பார்த்தாள். தெருத் தண்ணீர் வழக்கம்போல அவர்கள் வீட்டைத் தேடி வந்தது. அங்கே மண் மேடு. கொஞ்ச நேரம் திகைத்தாற்போல் நின்றது. பிறகு பக்கத்து வீட்டுக் கேட்டுக்குள் திரும்பிவிட்டது.

பூங்கொடி கைதட்டினாள். ஓடிப்போய் விஷால் வீட்டுக் கேட்டருகே நின்று கத்தினாள். "ஏ விஷாலு! உங்க கெணத்துல தண்ணி எவ்ளோ கீது?"

கேட்டைப் பிடித்துக்கொண்டு எக்கினாள்.

எட்டிப் பார்த்தாள். வாசல்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் தண்ணீர் போயிருந்தது. விஷால் பள்ளிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடுக் கூடத்தில் அப்படியே நின்றான். அவன் அம்மா பிரபாவதி ஒரு கையில் தலையணையும் ஒரு கையில் மிக்சியுமாக, எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தாள்.

போன வருஷம் பூங்கொடி அப்படித்தான் நின்றாள். தைத்து வாங்கிய புதுப் பாவாடை மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டு.

கைதட்டிய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். கொட்டகைப் பக்கம் அடுக்கியிருந்த செங்கற்களில் நாலைந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

"தலையணைய விடுங்க ஆன்ட்டி! அது காஞ்சிடும். முதல்ல சுவிட்சை ஆஃப் பண்ணுங்க. அப்புறம் பிரிட்ஜு!"

"என்ன?"

"பிரிட்ஜைத் தூக்கி செங்கல் மேல வைக்கணும். அப்புறம் அரிசி. அப்புறம் டி.வி. டேய், பைய மாடிப்படில வெச்சிட்டு வந்து ஒரு பக்கம் புடிடா. மரம் மாதிரி நிக்கிறியே!"

விஷால் வந்து பிடித்தான். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். பிரிட்ஜ் செங்கல் மேல் ஏறியது. அரிசி மூட்டை மேஜை மேல் ஏறியது. பிரபாவதி அப்போதுதான் மூச்சுவிட்டாள்.

"உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?"

"வருஷா வருஷம் செய்யறோமே" என்றாள் பூங்கொடி. வாசலில் திரும்பி நின்று விஷாலிடம் சொன்னாள். "செங்கல் எங்க வூட்டுது. தண்ணி வடிஞ்சதும் ஒண்ணு விடாம திருப்பிக் குடுக்கணும்."

வெளிச்சம் மங்குவதற்கு முன்பே ரவிச்சந்திரன் வந்துவிட்டார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நேரே தனகோடியிடம் வந்தார்.

"யாரைக் கேட்டு இவ்வளவு மண்ணு கொட்டினீங்க? எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துடுச்சு!"

"நீங்க கொட்டும்போது யாரைக் கேட்டீங்க சார்?"

"அப்பா, பூங்கொடிதான் வந்து பிரிட்ஜை..." என்று விஷால் பின்னாலிருந்து ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருடா! நாளைக்கே பஞ்சாயத்துல மனு குடுக்கறேன். மண்ணை அள்ளுங்க. இல்லன்னா வேலையை நிறுத்துங்க!"

"அள்ள மாட்டேன். குடுத்துக்கோ!"

இரண்டு பேரும் கத்தியதில் தெருவே எட்டிப் பார்த்தது. ரவிச்சந்திரன் போன பிறகு குமார் மேஸ்திரி மெதுவாக வந்தார்.

"அண்ணாத்த, ஒண்ணு சொல்றேன். தகராறு ஓயற வரைக்கும் வூடு ஜாக்கி மேல நிக்க முடியாது. அடுத்தது பெரிய மழை. ரெண்டு நாள்ல ஒரு முடிவு சொல்லு. இல்லன்னா இப்ப கீற ஒசரத்துலயே செங்கல் வெச்சி எறக்கிட்டு நான் கெளம்பறேன்."

"இப்ப கீற ஒசரம் எவ்ளோ?" என்றாள் பூங்கொடி.

"ரோட்டு மட்டம் கூட வரல பாப்பா."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "திரும்ப ஒரு தபா தூக்க நம்மால ஆவாது. அந்த பிளாட்டுக்காரனத்தான் கூப்புடணும்."

பூங்கொடி வேகமாகத் தலையாட்டி மறுத்தாள். அந்த ஆளா? எலி என்று சொன்னவரா? அவரையா திரும்பக் கூப்பிடுவது? முடியவே முடியாது.

ஆனால் இன்னொன்றும் அவளை உறுத்தியது. ரவிச்சந்திரன் அங்கிள் கத்தினார். அது தப்பு. ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை. தண்ணீர் போனதை அவள் கண்ணால் பார்த்திருந்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் எழுந்ததும் அவள் தெருவுக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விஷால் செங்கற்களோடு வந்தான்.

"இந்தா. எல்லாம் இருக்கு. எண்ணிக்கோ."

"அங்க வை. இங்க வந்து இத்தப் பாரு."

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அகலம் இரண்டே அடி. அதில் ஒரு அடி பூங்கொடி வீட்டுடையது, ஒரு அடி விஷால் வீட்டுடையது. ரவிச்சந்திரன் வந்த வருஷம் டேப் வைத்து அளந்து, தன் பக்கத்து ஒரு அடியைத் தெரு ஓரத்தில் சுவர் வைத்து மூடினார். 'நான் மட்டும் இளிச்சவாயனா?' என்று தனகோடியும் தன் பக்கத்து ஒரு அடியை மூடினார். உள்ளே யாரும் போக முடியாது. உடைந்த ஓடும் ஓட்டைக் குடமும்தான் குடியிருந்தன.

தனகோடி வைத்த சுவரின் அடியில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. தேங்கிய தெருத் தண்ணீர் அதற்குள் சுழித்துக்கொண்டு போயிற்று.

"எங்க போவுது இது?" என்றான் விஷால்.

"வா, பாக்கலாம்."

இரண்டு பேரும் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினார்கள். சந்து முடிகிற இடத்தில், குப்பைக்கு நடுவிலிருந்து கயிறு போல ஒரு நீர் வடிந்து பின்னாலிருந்த ஓடையில் விழுந்துகொண்டிருந்தது. ஓடை நிறைய இடம் காலியாகக் கிடந்தது. நேற்று அவ்வளவு மழை பெய்தும்!

"விரலு ஓட்டைல இவ்ளோ போனா, ஒரு அடி தொறந்து வுட்டா?" என்றாள் பூங்கொடி.

விஷால் கண்ணை அகல விரித்தான். அடுத்த நொடி முகம் சுருங்கியது. "எங்கப்பா ஒத்துக்க மாட்டார்."

"உங்கப்பாவ யாரு கேட்டா? எங்க ஒரு அடி எங்களுது!"

அவள் அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"அந்த ஒரு அடியா? அத்த அவருக்காகத் தொறக்கணுமா? முடியாது. அவரு வாசல்ல தண்ணி நின்னா எனக்கு இன்னா?"

"நம்மகிட்ட அவரு அப்படித்தானப்பா செஞ்சாரு?"

"ஆமா!"

"அப்ப நாமளும் அதையே செய்யறது காப்பி அடிக்கறதுப்பா. அதுவும் அவர பாத்து! எங்க கிளாஸ்ல காப்பி அடிச்சா, பாத்து எழுதுனவளத்தான் மொதல்ல வெளிய நிக்க வெப்பாங்க."

கன்னியம்மா சோற்றுப் பானையை இறக்கிவிட்டுத் திரும்பினாள். "நம்ம வூட்டுத் தண்ணி இன்னொருத்தர் வூட்டு அடுப்பாண்ட நிக்கலாமா? எனக்குக் கேட்டாலே கூசுது" என்றாள்.

அப்பா தாடையைத் தேய்த்தார். "அவரு முன்னாடி எறங்கிப் போன மாதிரி ஆயிடுமே கண்ணு."

"எதுக்கு எறங்கணும்? நம்ம எடத்துல நம்ம கால்வா. தனகோடி கால்வான்னு பேரு வெச்சிக்கலாம். தெருத் தண்ணி மொத்தமும் உன் பேரச் சொல்லிகினுதான் போவும்."

அப்பா சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தார். முடியவில்லை. "மேஸ்திரி! நம்ம கடப்பாரைய எட்தா!" என்றார்.

அன்று பகல் முழுவதும் வேலை நடந்தது. அப்பாவும் மேஸ்திரியின் ஆட்களும் தங்கள் பக்கத்துச் சுவரை இடித்தார்கள். பூங்கொடி உடைந்த ஓடுகளைக் கூடையில் அள்ளினாள். ஓட்டைக் குடத்திலிருந்து ஒரு தவளை குதித்து ஓடியது. ஓடைவரை ஒரு அடி அகலத்துக்குக் கால்வாய் வெட்டி, சந்தின் நடுவில் எல்லைக்கு ஒரு வரிசைச் செங்கல் வைத்தார்கள்.

ரவிச்சந்திரன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் கையில் டேப்போடு வந்தார். அவர் அலுவலகத்தில் எப்படியோ, சந்தில் அவர் மிகக் கவனமாக அளந்தார். இந்தக் கோடியில் அளந்தார். அந்தக் கோடியில் அளந்தார். நடுவிலும் அளந்தார்.

"நல்லா அளந்து பாருங்க அங்கிள்" என்றாள் பூங்கொடி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "உங்க எடத்துல ஒரு கைப்பிடி மண்ணு கூட எடுக்கல."

"அப்ப எதுக்கு இது?"

"தண்ணி போறதுக்கு. எங்க வாசல்ல நிக்கறது, உங்க வாசல்ல நிக்கறது, ரெண்டும்."

ரவிச்சந்திரன் டேப்பை இழுத்தார். அது 'சரக்' என்று சுருண்டுகொண்டது. திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடல் பக்கமிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. மழை முந்தினதைவிடப் பலமாக அடித்தது. இரண்டு வீட்டிலும் எல்லோரும் வாசலைப் பார்த்தபடி நின்றார்கள்.

தெருத் தண்ணீர் வந்தது. மண் மேட்டில் மோதியது. பக்கத்து வீட்டுக் கேட்டுப் பக்கம் திரும்பியது. பூங்கொடி மூச்சை நிறுத்திக்கொண்டாள். ஒரு சருகு சுழன்றது. மெதுவாகச் சந்துப் பக்கம் நகர்ந்தது. அவ்வளவுதான். பின்னால் வந்த தண்ணீர் முழுவதும் அதைத் துரத்திக்கொண்டு 'ஓ' என்ற சத்தத்தோடு சந்துக்குள் பாய்ந்தது.

விஷால் வீட்டு முதல் படி நனைந்தது. இரண்டாவது படி நனையவில்லை.

மனு எதுவும் போகவில்லை. திங்கட்கிழமை காலை குமார் மேஸ்திரி மறுபடியும் விசிலை வாயில் வைத்தார். நகம் நகமாக வீடு ஏறியது. ரோட்டைத் தாண்டியது. ஒரு வெள்ளிக்கிழமை கடைசிச் சுற்றும் முடிந்தது. ஓதம் ஏறிய பூச்சைக் கொத்திவிட்டுப் புதுப் பூச்சுப் பூசினார்கள். ஊறிய கதவை இழைத்து மாட்டினார்கள். கன்னியம்மா அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, அன்றைக்கு வேறு வேலையே செய்யவில்லை.

"போதுமா அண்ணாத்த? பக்கத்து வூட்டை விட ஒரு அடி ஒசரம் வரல, சரிசமமாத்தான் நிக்குது. இன்னும் தூக்கவா?" என்று கடைசிச் சுற்று முடிந்த அன்றே மேஸ்திரி கேட்டிருந்தார்.

அப்பா இரண்டு வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "வேணாம். இது நல்லாதான் கீது" என்றார்.

மேஸ்திரியின் லாரி போன சிறிது நேரத்தில் ரவிச்சந்திரன் வந்தார். குடை பிடித்திருந்தார். ஆனால் மழை இல்லை. அவருக்குப் பின்னால் விஷால் நின்றான். 'சொல்லுங்கப்பா' என்று அவர் முதுகில் விரலால் குத்திக்கொண்டிருந்தான்.

"பூங்கொடி" என்றார் ரவிச்சந்திரன். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்னிக்கு பிரிட்ஜை நீதான் காப்பாத்தினேன்னு இவன் சொன்னான். நான்தான் காது குடுத்துக் கேக்கல. அப்புறம்... அந்தச் சந்துல... ஐப்பசி மழைக்கு ஒரு அடி பத்தாது. எங்க பக்கத்துச் சுவரையும் எடுத்துட்டு ஒரே கால்வாயா ஆக்கிடலாமா? உங்க வீட்டுல சம்மதம்னா."

எத்தனையோ நாள் அண்ணாந்து பார்த்த முகம். இப்போது புதுப் படிமேல் நின்ற அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. பூங்கொடி முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"எங்கப்பாவக் கேட்டு சொல்றேன், அங்கிள்" என்றாள்.

உள்ளே போனாள். அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு டம்ளர் மோரை எடுத்து, அவசரமே இல்லாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். அதன்பிறகு கடப்பாரையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.